உடைந்த சுவர் உடைந்தபடியே நிற்கட்டும்: போர்க்காலப் பயிற்சிச் சுவர்களைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சர்ரேயின் ஹாங்க்லி காமன், ஸ்காட்லாந்தின் ஷெரிஃப்மியூர், டெவனின் பிரான்டன் பரோஸ், பேகி பாயிண்ட், டார்செட்டின் ஸ்டட்லண்ட் ஆகிய இடங்களில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சிச் சின்னங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகம், மரபுச் சின்னக் காப்பு அமைப்புகள், அறக்கட்டளைகள், நில உரிமையாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் சர்ரேயில் குடியிருக்கும் தமிழன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஹாங்க்லி காமனில் நடப்பது எங்கள் வழக்கம். போர்க்காலத்தில் பயிற்சிக்காக அங்கே கட்டிய கான்கிரீட் சுவரை முதல் தடவை பார்த்தபோது என் மகள் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "இது எதைத் தடுக்கிற சுவர்?" என்றாள். "கடலிலிருந்து வருகிறவர்களை" என்றேன். சுற்றிலும் பார்த்தாள். மணல், ஹீதர் புதர், பைன் மரங்கள். கடல் பார்க்க வேண்டுமானால் தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். அவளுக்கு அன்றைக்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. எனக்கும் அவ்வளவாகத் தெரியாது. அப்புறம் தேடித் தேடிப் படித்ததில் சேர்ந்ததுதான் இந்த மடல்.

இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், இதை வாசிக்கும் தமிழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1942 மார்ச்சில் ஹிட்லர் பிறப்பித்த ஆணையின்படி, நார்வேயின் வட கோடியிலிருந்து பிரான்ஸ் ஸ்பெயினைத் தொடும் எல்லை வரைக்கும் கரையோரக் காப்பரண்கள் எழும்பின. அதற்கு அட்லாண்டிக் சுவர் என்று பெயர். பெயர்தான் சுவர். உண்மையில் அது பீரங்கி மேடைகள், பதுங்கறைகள், டாங்கித் தடைகள், முள்கம்பி, கண்ணிவெடி வயல் என்று விட்டு விட்டுப் போன ஒரு தொடர். சில இடங்களில் மட்டும் நிஜமாகவே ஆளுயரத்தைத் தாண்டிய கான்கிரீட் சுவர் நின்றது. 1943 இறுதியில் ஜெர்மன் தளபதி ரோமல் அதன் பொறுப்புக்கு வந்தபின் கடற்கரை மணலிலேயே மரக்கட்டைகளும் இரும்புத் தடைகளும் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

இந்தத் தடையைத் தாண்டாமல் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியாது. எப்படித் தாண்டுவது என்பதற்கு நேச நாடுகள் கொடுத்த முதல் விலை தியெப். 1942 ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் அந்தத் துறைமுக ஊரில் சுமார் 6,000 பேர் இறங்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய 5,000 பேர் கனடாக்காரர்கள். டாங்கிகள் கூழாங்கல் கரையில் சிக்கின. கரைச்சுவரைத் தாண்டி மேலே ஏறியவை ஊருக்குள் போகும் தெருக்களை அடைத்து நின்ற கான்கிரீட் தடைகளின் முன் நின்றுவிட்டன. அந்தத் தடைகளைத் தகர்க்க வேண்டிய பொறியாளர் படையினர் திறந்த கரையில் சுடப்பட்டு விழுந்தார்கள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. 907 கனடாக்காரர்கள் இறந்தார்கள். 1,900க்கும் அதிகமானோர் சிறைப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1943இல், ஹாங்க்லியில் அந்தச் சுவரைக் கட்டியவர்கள் கனடாச் சிப்பாய்கள்தான். எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு கனக்கிறது. சகோதரப் படைகள் எந்தத் தடையின் முன்னால் விழுந்தனவோ, அதே மாதிரித் தடையை இவர்கள் தங்கள் கையாலேயே கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி எழுப்பினார்கள், அடுத்த முறை உடைக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. சுமார் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், அதைவிடக் கூடுதலான தடிமன். நடுவில் இரும்புக் கதவுகள் இருந்த இடைவெளி. வடக்குப் பக்கத்தில் டாங்கியை மறிக்கும் கான்கிரீட் பற்கள், கான்கிரீட்டில் நட்ட ரயில் தண்டவாளத் துண்டுகள். இவ்வளவையும் கட்டிவிட்டு அதைக் குண்டு வைத்துப் பிளந்தார்கள்.

அந்தப் பிளவுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தியெப் கற்பித்த பாடம் இதுதான்: பொறியாளன் வெட்டவெளியில் ஓடிப் போய் வெடி வைக்கக் கூடாது, அவனைச் சுற்றி இரும்புக் கவசம் இருக்க வேண்டும். அந்த எண்ணத்துக்கு உருக்கொடுத்தவைதான் மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபார்ட்டின் 79ஆம் கவசப் பிரிவு பயன்படுத்திய விசித்திர டாங்கிகள். ஒன்று சுமார் 18 கிலோ எடையுள்ள குண்டை வீசிக் கான்கிரீட்டை நொறுக்கும். இன்னொன்று சங்கிலிகளைச் சுழற்றித் தரையை அடித்துக் கண்ணிவெடிகளை வெடிக்க வைத்தபடி போகும். சர்ச்சில் என்ற ரக டாங்கியின் முகப்பில் ஓர் இரும்புச் சட்டம் பொருத்தி, அதில் வெடிமருந்தைக் கட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு, டாங்கி பின்வாங்கியதும் வெடிக்க வைக்கும் ஏற்பாடும் இருந்தது. அதற்கு வைத்த பெயர் ‘வெங்காயம்’. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வெடிகள் இருந்தால் ‘இரட்டை வெங்காயம்’. ஹாங்க்லிச் சுவரில் இந்த வெடிகளைச் சோதித்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் இன்று நாங்கள் நடந்து போகிறோம். உள்ளிருந்து வெளியே வளைந்து நிற்கும் துருப்பிடித்த கம்பிகளைத் தொட்டுப் பார்த்தால், வெடி எந்தப் பக்கம் அடித்தது, கான்கிரீட் எந்தப் பக்கம் பறந்தது என்று புரியும். எந்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒரு பாடம் கிடைக்காது.

அதனால் என் முதல் கோரிக்கை: அந்தப் பிளவுகளில் கை வைக்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்தால் சுவர் விரியும், விரிந்தால் கற்கள் விழும் என்பது எனக்கும் தெரியும். நடப்பவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் கடமை. ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் யாராவது ஒரு நாள் சிமெண்ட் குழைத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டால், சுவர் இருக்கும், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அது போய்விடும். தாங்குகட்டை வையுங்கள், சில இடங்களில் ஏறக் கூடாது என்று கயிறு கட்டுங்கள், அதெல்லாம் சரி. அடைக்க மட்டும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. ஹாங்க்லியின் மண் அமிலத்தன்மை கொண்டது. அந்தக் கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பால், சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் முளைக்காத பாசிகளும் சிறு செடிகளும் அந்தச் சுவரில் மட்டும் குடியேறியிருக்கின்றன. கிட்டத்தட்ட எண்பது ஆண்டுகளில் சுவர் ஒரு தோட்டமாகியிருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சினால் அதுவும் போய்விடும்.

ஷெரிஃப்மியூருக்கு நான் ஒரு முறைதான் போயிருக்கிறேன், டன்ப்ளேனிலிருந்து மேலே ஏறும் சாலையில். 1715இல், ஆட்சியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை ஆதரித்த யாக்கோபியர்களுக்கும் அரசுப் படைக்கும் சண்டை நடந்த அதே மேட்டு நிலத்தில், இரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு போருக்கான ஒத்திகைச் சுவர். ஹாங்க்லியை விட இது அதிகம் அடிபட்டது. பீரங்கிக் குண்டுகள் குடைந்த குழிகள், பிய்ந்து தொங்கும் கம்பிகள். சுவரோடு நிற்கவில்லை, ஜெர்மானியர்கள் கட்டிய மாதிரியே தரையோடு பதிந்த சிறு சுடுகுழிகள், டாங்கி மறிக்கும் அகழி, ஏன், தரையிறங்கு படகின் வடிவத்தில் வெட்டிய பள்ளங்கள்கூட அங்கே உண்டு. படகிலிருந்து எழுந்து ஓடிச் சுவரை அடைவது வரை முழுவதையும் ஒரு மலைமேட்டில் பழகியிருக்கிறார்கள்.

இவ்வளவு துல்லியமாக எதிரியின் சுவரை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது மூன்று விஷயங்கள். 1942இல் பிபிசி வானொலி, ஐரோப்பியக் கடற்கரைகளில் எடுத்த விடுமுறைப் படங்களையும் அஞ்சலட்டைகளையும் அனுப்பும்படி மக்களிடம் கேட்டது. லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. அதே ஆண்டு மே மாதம் பிரான்சின் நார்மண்டியில் உள்ள கான் நகரில் ரெனே துஷே என்ற, சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி, சுவர்க்காகிதம் ஒட்டப் போன ஜெர்மன் கட்டுமான அலுவலகத்திலிருந்தே காப்பரண் வரைபடம் ஒன்றைத் திருடிக் கொண்டு வந்தார். 1943ஆம் ஆண்டின் கடைசி இரவில் லோகன் ஸ்காட்-பௌடன், புரூஸ் ஓக்டன்-ஸ்மித் என்ற இருவர் நார்மண்டிக் கரைக்கு நீந்திப் போய், காவலர்களின் கண்ணில் படாமல் மணல் மாதிரி எடுத்துத் திரும்பினார்கள், டாங்கி ஓடினால் அந்த மணல் தாங்குமா என்று பார்க்க. பள்ளிப் பிள்ளைகளைச் சுவரருகே கூட்டி வரும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு பிள்ளையும் போனைப் பார்க்காது.

இப்போது தமிழில் எழுதுவதன் காரணத்துக்கு வருகிறேன். முள்கம்பி வேலியை உடைக்க இத்தகைய பயிற்சிகளில் சிப்பாய்கள் கையாளப் பழகிய ஆயுதம் பெங்களூர் டார்பிடோ. வெடிமருந்து அடைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, நீளமாக்கி, கம்பிச் சுருளுக்கு அடியில் தள்ளி வெடிக்க வைப்பார்கள், வழி திறக்கும். அதை 1912இல் உருவாக்கியவர் பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக். மதராஸ் மாகாணத்தில் ஆளெடுத்த படை அது. அதன் சிப்பாய்களை இன்றும் பட்டாளத்தில் ‘தம்பி’ என்றுதான் அழைக்கிறார்கள். வட டெவனில் அமெரிக்கர்கள் 1943 செப்டம்பரில் தொடங்கிய தாக்குதல் பயிற்சி மையத்திலும், பிறகு நார்மண்டியில் அவர்கள் இறங்கிய ஒமாஹா கரையிலும், முள்கம்பியைத் திறந்தது அந்தக் குழாய்தான். என் மகளிடம் இதைச் சொன்னபோது அந்தச் சுவர் அவளுக்கு வேற்றூர்ச் சுவராக இல்லாமல் போனது. உங்கள் தகவல் பலகைகளில் இந்த ஒரு வரி இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இந்த நாட்டில் வாழும் எத்தனையோ தென்னிந்தியப் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவு.

ஒத்திகை எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு மெர்வில்லை விடப் பெரிய சாட்சி இல்லை. நார்மண்டியில் மெர்வில் என்ற இடத்தில் ஜெர்மானியரின் பீரங்கித் தளம் ஒன்று இருந்தது. கடலிலிருந்து இறங்குபவர்களை அது சுட்டுத் தள்ளும் என்ற பயம். அதைப் பிடிக்கும் பொறுப்பு 9ஆம் பாராசூட் பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் டெரன்ஸ் ஆட்வேயிடம் வந்தது. பெர்க்ஷரில் வெஸ்ட் வுட்ஹே அருகே விளைநிலத்தில் அந்தத் தளத்தை முழு அளவில், மேடு பள்ளம் முதற்கொண்டு, புல்டோசர் வைத்து எழுப்பினார்கள். பகலிலும் இரவிலுமாக ஒன்பது முறை அதைத் தாக்கிப் பழகினார்கள்.

பிறகு 1944 ஜூன் 5 இரவு, நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியதற்கு முந்தைய இரவு. விமானங்கள் திசைக்கொன்றாகச் சிதறிப் பறந்தன, பல பேர் சதுப்பு நிலத்தில் விழுந்து மூழ்கினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோரில் கூடுமிடத்துக்கு வந்து சேர்ந்தது சுமார் 150 பேர். கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவி இல்லை. கனரக இயந்திரத் துப்பாக்கி ஒன்றே ஒன்று. பெங்களூர் டார்பிடோக் குழாய்கள் மட்டும் கொஞ்சம் இருந்தன. ஆட்வே தாக்கினார். தளம் அவர் கைக்கு வந்தபோது காயமின்றி நின்றவர்கள் ஏறக்குறைய 75 பேர். திட்டத்தில் இருந்தவற்றில் பெரும்பாலானவை கையில் இல்லாமல், இருட்டில், அந்த வேலி எங்கே, அந்தப் பள்ளம் எங்கே, அந்தக் கதவு எங்கே என்று கால் அறிந்திருந்ததால்தான் அது முடிந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தபோது, எதிர்பார்த்த பெரிய பீரங்கிகள் அங்கே இல்லை; சிறிய, பழைய செக் பீரங்கிகள்தான் இருந்தன. மாதிரி வெளிப்பக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. உள்ளே இருப்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

ஒத்திகையிலேயே இறந்தவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டென்றால் அது இங்கேதான். இந்தச் சின்னங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருப்பதால், கதையும் துண்டு துண்டாகவே இருக்கிறது. ஸ்டட்லண்ட் விரிகுடாவில் கனடாப் பொறியாளர்கள் கட்டிய ஃபோர்ட் ஹென்றி என்ற பார்வை அரண் நிற்கிறது. 1944 ஏப்ரல் 18 அன்று பிரதமர் சர்ச்சில், நேச நாட்டுத் தளபதிகள் ஐசன்ஹோவர், மோன்ட்கோமரி, ஆறாம் ஜார்ஜ் மன்னர் எல்லோரும் அங்கிருந்துதான் தரையிறங்கும் ஒத்திகையைப் பார்த்தார்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 4 அன்று, அதே விரிகுடாவில் நீந்தும் வேலண்டைன் டாங்கிகள் அலையில் கவிழ்ந்து மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். மன்னரைப் பற்றிச் சொல்லும் அதே மூச்சில் அந்த ஆறு பேரையும் சொல்ல வேண்டும்.

ஸ்லாப்டன் இன்னும் கொடியது. நார்மண்டியில் அமெரிக்கர்கள் இறங்கவிருந்த யூட்டா கரையைப் போலவே இருக்கிறது என்று தேர்ந்தெடுத்த டெவன் கடற்கரை அது. 1943 நவம்பரில் அறிவிப்பு வந்தது: சுற்றியுள்ள ஊர்களில் இருக்கும் சுமார் 3,000 பேரும் டிசம்பர் 20க்குள் வீட்டையும் மாட்டையும் வயலையும் விட்டுக் கிளம்ப வேண்டும். ஒத்திகைக்காகக் காலியான அந்தக் கரையை நோக்கி 1944 ஏப்ரல் 28 அதிகாலையில் வந்துகொண்டிருந்த அமெரிக்கக் கப்பல் வரிசையை ஜெர்மன் வேகப் படகுகள் தாக்கின. இரண்டு கப்பல்கள் மூழ்கின. எழுநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். 1954இல் அமெரிக்க ராணுவம் அந்தக் கரையில் நட்ட தூண், வீட்டைக் கொடுத்த ஊர்மக்களுக்கு நன்றி சொல்கிறது. கடலில் போன பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1984இல் கென் ஸ்மால் என்ற தனிமனிதர் கடலடியிலிருந்து ஒரு ஷெர்மன் டாங்கியை இழுத்துக் கரையேற்றி டார்கிராஸில் நிறுத்திய பிறகுதான் அவர்களுக்கென்று அங்கே ஓர் இடம் கிடைத்தது. அமைப்புகள் செய்ய வேண்டியதை ஒரு மனிதர் தன் காசில் செய்தார்.

ஸ்லாப்டன் மக்களாவது திரும்பினார்கள். டார்செட்டில் டைனம் கிராமத்தின் 225 பேர் அதே டிசம்பரில் டாங்கிப் பயிற்சிக்காக வெளியேறினார்கள். போகும்போது, வீடுகளையும் கோயிலையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் திரும்பி வருவோம் என்று தேவாலயக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். போர் முடிந்தது. நிலத்தை ராணுவமே வைத்துக்கொண்டது. அவர்கள் திரும்பவில்லை.

கடைசியாக, நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. மாதிரிச் சுவரைக் கட்டியவர்கள் சிப்பாய்கள். சம்பளமும் சாப்பாடும் இருந்தவர்கள். மூலச் சுவரைக் கட்டியவர்கள் யார்? டாட் என்ற ஜெர்மன் கட்டுமான அமைப்பின் கீழ் ஐரோப்பா முழுவதிலிருந்தும் பிடித்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளர்கள். அதன் ஒரு பகுதி பிரித்தானிய முடியின் கீழுள்ள, அப்போது ஜெர்மனி பிடித்து வைத்திருந்த சேனல் தீவுகளிலேயே எழுந்தது. ஆல்டர்னித் தீவில் நான்கு முகாம்கள் இருந்தன. உக்ரேனியர், ரஷ்யர், ஸ்பானியக் குடியரசுவாதிகள், பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதர்கள் என்று பலரும் பட்டினியோடும் அடியோடும் அங்கே கான்கிரீட் கலந்தார்கள். 2024 மே மாதம் வெளிவந்த நிபுணர் ஆய்வு, ஆல்டர்னியில் இறந்தவர்கள் 641 முதல் 1,027 பேர் வரை இருக்கலாம் என்று கணித்தது. எண்பது ஆண்டு கழித்துத்தான் இந்த எண்ணிக்கைக்கே வர முடிந்தது.

ஹாங்க்லிச் சுவரின் முன்னால் நின்று வீரத்தைப் பற்றிப் பேசும் எவருக்கும் ஆல்டர்னியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கான்கிரீட், ஒரே தடிமன், ஒரே கம்பிக் கட்டு. ஒன்று உடைக்கப்படுவதற்காகவே கட்டியது. மற்றொன்றில் கட்டியவர்களே உடைந்து போனார்கள். இரண்டையும் ஒரே பலகையில் எழுதுங்கள் என்பதே என் இரண்டாவது கோரிக்கை.

மூன்றாவது, ஒரே பாதை. ஷெரிஃப்மியூர், ஹாங்க்லி, பிரான்டன் பரோஸில் தரையிறங்கு படகு வடிவத்தில் போட்ட கான்கிரீட் தளங்கள், பேகி பாயிண்டின் போலி அரண்கள், ஸ்டட்லண்ட், ஸ்லாப்டன், டைனம், வெஸ்ட் வுட்ஹே வயல்கள், ஆல்டர்னி. இவற்றின் உரிமை யாருக்கு என்பது அப்படியே இருக்கட்டும். கதையை மட்டும் ஒன்றாக்குங்கள். ஓர் இடத்துக்கு வந்தவருக்கு மற்ற எட்டும் எங்கே இருக்கின்றன, என்ன தொடர்பு என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு பிளவையும் குழியையும் முப்பரிமாணமாகப் படமெடுத்துப் பொதுவில் வையுங்கள்; துரு தன் வேலையை நிறுத்தாது. அந்த நாட்களில் சிறு பிள்ளைகளாக வீட்டை விட்டுப் போனவர்களில் சிலர் இன்னும் இருப்பார்கள். தொண்ணூறை நெருங்கியவர்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய அதிக நாள் இல்லை.

பல மொழிகளில் தகவல் வைக்க நேர்ந்தால் தமிழ்ப் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். சனி, ஞாயிறுகளில் ஹாங்க்லிக்கு வருபவர்களைச் சுவர் வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டவும் தயார். என் மகளும் வருவதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
சர்ரேயிலிருந்து ஒரு தமிழர்